அம்பிகைபாகரின் நாடித் துடிப்பு

“எண்பத்தொண்டு, எண்பத்திரண்டு... பைப்பைத் திறக்காதேங்கோ தம்பி, எண்ணிக்கை குழம்பிப் போகும்... எண்பத்திமூண்டு...”

குழாயில் வைத்த கையை எடுத்துக்கொண்டு நான் வாளியோடு நின்றேன். எனக்குப் பின்னால் இன்னும் நாலு வாளிகள் வரிசையில் நின்றன. குழாயடிச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்த அம்பிகைபாகர் யாரையும் பார்க்கவில்லை. வலது கையின் மூன்று விரல்கள் இடது மணிக்கட்டை அழுத்தியிருந்தன. இடது உள்ளங்கையில் மூடி திறந்த ஒரு பாக்கெட் கடிகாரம். உதடு அசைந்துகொண்டிருந்தது, கண் விநாடி முள்ளோடு ஓடிக்கொண்டிருந்தது.

“நூற்றிப்பத்து!” என்றார் கடைசியில். குரலில் பாதி பயம், பாதி வெற்றி. “நேற்று விடிய நூற்றியாறு, இண்டைக்கு நூற்றிப்பத்து. ஏறுது, பாத்தியளே? நான் சொன்னால் இந்த லைனில ஒருத்தரும் நம்புறியள் இல்லை. சரி, இனித் தண்ணி பிடியுங்கோ.”

இது 1943 ஏப்ரல். டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீடுகள். ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்து ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. அரிசிக்கு அட்டை, சிப்பாயைக் கண்டால் குனிதல், கொல்லையில் மரவள்ளி என்று எல்லாம் பழகிவிட்டது. யாருடைய உயிர் எந்த நேரத்தில் போகும் என்று சொல்ல முடியாத அந்த நாளில், தன் உயிர் நிமிடத்துக்கு எத்தனை தரம் அடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த மனிதர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்ததுண்டு. அதைவிட அதிகமாகப் பிரியம் இருந்தது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அம்பிகைபாகருக்கு ஐம்பத்தொரு வயது. ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம், அதற்கேற்ற கழுத்து, காதோரம் மட்டும் நரை. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர். பழைய தண்ணீர் இலாகாவில் இருபத்தாறு வருடக் கிளார்க். ஜப்பான்காரன் அந்த இலாகாவுக்கு வைத்த புதுப் பெயர் அவருக்கே வாயில் நுழையாது. குழாய், வால்வு, பிரஷர் என்ற மூன்று சொற்களுக்குள் உலகத்தையே அடக்கிவிடுவார். எதிர்வீட்டில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால், “அவைக்குள்ள எங்கேயோ லீக்” என்பார். சிங்கப்பூர் விழுந்த அன்று எல்லாரும் வாயடைத்து நின்றபோது அவர் சொன்னது, “பிரிட்டிஷ்காரனுக்குப் பிரஷர் இறங்கிப் போச்சுது தம்பி” என்பது மட்டும்தான்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரமாக்கிவிட்டான். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை மாற்றிய அம்பிகைபாகர் பாக்கெட் கடிகாரத்தை மட்டும் தொடவில்லை. “வேலைக்கு டோக்கியோ டைம். என்ர இதயம் பழைய டைமில ஓடத் தொடங்கினது, அதை அதிலதான் எண்ண வேணும்” என்பார். “ஒரு நிமிஷம் எந்த ஊர்லயும் ஒரு நிமிஷந்தானே அண்ணே?” என்று நான் கேட்டதற்கு, “உங்களுக்கு மெஷினறி விளங்காது” என்று மூடியை அழுத்திச் சாத்தினார். ஆனால் தெருவில் அதை வெளியே எடுக்கமாட்டார். பழைய நேரம் காட்டும் கடிகாரத்தை ஜப்பான்காரன் கண்டால் கன்னம் தப்பாது என்பது அவருக்குத் தெரியும்.

அவர் உயிருக்குப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் சாவகச்சேரியில் அவருடைய தமையன் வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது 1941 நவம்பரில். பிறகு கப்பல் இல்லை, கடிதம் இல்லை. “அதுகளுக்கு நான் இருக்கிறனோ செத்தனோ எண்டே தெரியாது தம்பி. கப்பல் திரும்ப ஓடுற நாள் மட்டும் இந்தப் பம்ப் ஓடினால் போதும். பிறகு நிண்டாலும் பரவாயில்லை” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். இந்த ஒரு பேச்சில் மட்டும் நான் அவரைக் கேலி செய்ததில்லை.

எல்லாம் ஒரு தடிமனில் தொடங்கியது. ஜலதோஷத்துக்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் பெயர் தடிமன். அந்த மாதம் எங்கள் வரிசையில் மூக்கைச் சிந்தாதவர் இல்லை. முதலில் வந்தது தவமணி அக்காவுக்கு. அவர் அம்பிகைபாகரின் மனைவி. கணவரின் தோளுக்குக்கூட வரமாட்டார். ஆனால் அந்த வீடு அவர் காலில் நின்றது. சுடுதண்ணீரைக் குடித்துக்கொண்டே துணி துவைத்து, மரவள்ளி சீவி, நாலு நாளில் எழுந்துவிட்டார். எழுந்துவிட்டார் என்பதுகூடத் தப்பு, அவர் படுக்கவே இல்லை. அடுத்து அம்பிகைபாகருக்கு வந்தது. அவர் படுத்தார்.

ஊர் வழக்கப்படி கொத்தமல்லியும் சுக்கும் போட்டுக் குடிநீர்க் கஷாயம் அவித்துக் குடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்தியாவிலிருந்து கப்பல் வராததால் பினாங்கில் கொத்தமல்லியைக் கண்ணால் காண முடியவில்லை. இங்கிலீஷ் மருந்தும் கிடையாது. “சீனன்ர கடையில ஏதும் கிடக்கும், போய்ப் பாருங்கோவன்” என்று தவமணி அக்கா சொன்னதும் அம்பிகைபாகர் துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். நான் சூலியா தெருவில் ஒரு அச்சுக்கூடத்தில் புரூஃப் பார்க்கிறவன். அந்தப் பக்கத்துச் சந்துகள் எனக்குப் பழக்கம் என்பதால் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

மருந்துக்கடைச் சீனர் அறுபதைத் தாண்டியவர். அம்பிகைபாகரின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். அந்த மூன்று விரல் பிடியை நம்மவர் அங்கேதான் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு சீனர் சின்னச் சின்ன இழுப்பறைகளைத் திறந்து ஏதேதோ எடுத்தார். கணுக்கணுவாய், பச்சையும் மஞ்சளுமாய் நறுக்கிய ஒரு குச்சிதான் அதில் அதிகம். “சத்து ஹாரி, சத்து பொங்குஸ். திகா மாங்கோக், ஜாடி சத்து” என்று கடைத்தெருப் பாசார் மலாயில் சொன்னார். நாளுக்கு ஒரு பொட்டலம். மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாக வற்றினால் போதும். மூன்று நாளைக்கு மேல் வேண்டாம் என்று விரலை மடக்கியும் காட்டினார்.

அம்பிகைபாகர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு இரண்டு டஜன் பொட்டலம் கேட்டார். கண்ட சாமானைக் கண்ட இடத்தில் அள்ளிக்கொள்வது அந்த நாளில் எல்லாருக்கும் வந்த புத்திதான். சீனர் புருவத்தைத் தூக்கவே, எங்கள் வரிசை முழுக்கச் சளி என்று மலாயில் சமாதானம் சொன்னார். அது பொய்யும் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் சுயரூபம் வெளிப்பட்டது. “மூண்டை ஒண்டாக்கிறதாம்! அது குடிநீரே? அரிசி கழுவின தண்ணி. குடிநீர் எண்டால் எட்டொண்டாய் வத்த வேணும். எங்கட பரியாரிமார் என்ன விசரரே?” என்று நாட்டு வைத்தியர்களின் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பினார். ஆறு பொட்டலங்களைப் பிரித்து ஒரே பானையில் கொட்டினார். எட்டுப் பங்குத் தண்ணீர் ஒரு பங்காகும் வரை அடுப்பு எரிந்தது. கறுத்துக் குழம்பாக இறங்கியதை ஒரு பழைய பிராந்திப் போத்தலில் ஊற்றி, காலை, மதியம், மாலை அரை டம்ளர் வீதம் குடித்தார். சக்கையையும் எறியவில்லை. அடுத்த ஆறு பொட்டலத்தோடு அதுவும் சேர்ந்து கொதித்தது.

சொல்லக் கூடாது, சளி இரண்டே நாளில் ஓடிவிட்டது. மூக்கு திறந்தது, இருமல் நின்றது. அவர் மருந்தை நிறுத்தவில்லை. “மேல் பைப் கிளியர். அடிச்சளி உள்ளே கிடக்குது” என்று தொடர்ந்தார். நாலாம் நாள் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது.

அன்றிலிருந்துதான் எண்ணிக்கை. முதலில் தொண்ணூற்றிரண்டு. பிறகு தொண்ணூற்றெட்டு. ஒரு நாள் நடுவில் ஒரு துடிப்புத் தவறிவிட்டது என்று ஓடிவந்து என் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். “விளங்குதே தம்பி? டக், டக், டக்... பிறகு ஒண்டும் இல்லை... பிறகு டடக்! தடிமன் நெஞ்சுக்குள்ள இறங்கி வால்வில இருந்திட்டுது. வால்வு சரியாய் மூடேல்லை. பம்ப் கிடந்து அடிக்குது.” என் கைக்கு அடியில் அது உண்மையாகவே குதித்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உடனே அவர் செய்தது என்ன தெரியுமா? அடைப்பை இளக்க வேண்டும் என்று இன்னும் அரை டம்ளர் ஊற்றிக் குடித்தார்.

நெஞ்சு படபடத்த மனிதர் படுத்துக் கிடந்தாரா என்றால் அதுதான் இல்லை. விடிவதற்குள் கொல்லையில் இரண்டு பாத்தி கொத்தி முடித்திருப்பார். வீட்டுச் சுவரை இரண்டு தரம் வெள்ளையடித்தார். இரண்டாம் தரம் எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். வாய் ஓயாமல் பேசுவது எனக்குக் கேட்கும்: ஆயர் ஈத்தாம் நீர்த்தேக்கம், சாவகச்சேரிச் சந்தை, வால்வு, பிரஷர், மறுபடி ஆயர் ஈத்தாம். நடுநடுவே தவமணி அக்காவின் ஒற்றைச் சொல்: “விசர்.” பைத்தியம் என்று அர்த்தம்.

தவமணி அக்கா அவருடைய நெஞ்சு நோயை ஒரு நாளும் ஏற்றுக்கொள்ளவில்லை. குழாயடியில் அவர் நாடி பிடித்து உட்கார்ந்தால், “பாருங்கோ, துரை மீட்டர் வாசிக்கிறார்” என்று மற்றப் பெண்களிடம் சொல்லுவார். எங்களுக்குச் சிரிப்பு வரும். அவர் எண்ணும்போது அக்காவின் உதடும் அசைவதை நான் ஓரிரு தடவை கண்டேன். உள்ளுக்குள் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கலா அண்ணே” என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“போகலாம். டாக்குத்தர் ‘ஹார்ட் வீக்’ எண்டு துண்டு எழுதுவான். துண்டு ஒப்பீசுக்குப் போகும். பிறகு?”

பிறகு என்ன என்பது எனக்கும் தெரியும். போன மாதம் அவருடைய ஆபீசில் தைசோ செய்யும்போது மயங்கி விழுந்த ஒரு பியூனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையோடு வேலைக்காரர்களுக்கான அரிசியும் போயிற்று. தைசோ என்றால் ஜப்பானியத் தேகப்பயிற்சி. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் வானொலியில் பியானோ வாசிப்பான். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி முதல் கூட்டுகிறவர் வரை முற்றத்தில் வரிசையாக நின்று கையை வீசிக் காலை மடக்கிக் குதிக்க வேண்டும். குதிக்காதவனுக்கு அங்கே இடம் இல்லை. ஆகவே இதயம் இருக்கிற இலட்சணம் ஆபீசுக்குத் தெரியக் கூடாது. அம்பிகைபாகர் அதை மறைக்க ஒரே வழிதான் கண்டார்: எல்லாரையும்விட உயரமாகக் குதித்தார்.

நான் அச்சுக்கூடத்துக்குப் போகிற வழியில் அந்த முற்றம் வேலிக்கு மேலாகத் தெரியும். ஒரு நாள் நின்று பார்த்தேன். முப்பது பேர் உடம்பு வளையாமல் முக்கிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு நீள உருவம் மட்டும் துள்ளி மேலே எழும்பிக்கொண்டிருந்தது. கை விண்ணென்று வீசியது. முகம் சிவந்து, கண் இரண்டும் விரிந்திருந்தன. வாய், “இச், நி, சான், ஷி” என்று எல்லாருக்கும் மேலாக எண்ணியது. எண்ணத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லையே. கண்ணாடி போட்ட ஜப்பானிய மேலதிகாரி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை அம்பிகைபாகர் என் வீட்டு வாசலில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“தம்பி, என்னை முன்னுக்கு வரச் சொன்னவன்.”

“அறைஞ்சானா?”

“முதுகில தட்டினவன். ‘யோஷி’, நல்லது எண்டவன். வாற இருபத்தொன்பதாந் தேதி சக்கரவர்த்தியின்ர பிறந்தநாள். பாடாங்குத் திடலில ஊர் முழுக்கத் தைசோ. எங்கட இலாகாவுக்கு முன்னால மேடையில நிண்டு நான்தான் செய்து காட்ட வேணுமாம்.” மணிக்கட்டைப் பிடித்தார். “நூற்றிப்பதினாறு. இந்த வால்வோட மேடையில குதிச்சால் நான் கீழ இறங்கமாட்டன். குதிக்கமாட்டன் எண்டால் வேலை போகும். என்ன செய்யிறது சொல்லுங்கோ!”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பரபரவென்று எழுந்து, காகிதமும் பென்சிலும் கொண்டுவரச் சொன்னார். தன் கை நடுங்குவதால் நான்தான் எழுத வேண்டும், கப்பல் ஓடினதும் நான்தான் தபாலில் சேர்க்க வேண்டும் என்றார். மூத்தவனுக்கு நாலு வரி, நடுவிலானுக்கு நாலு வரி. உங்கள் அப்பா சோம்பேறியாய்ச் சாகவில்லை, முன்வரிசையில் நின்று குதிக்கும்போது காலமானார் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு கடைக்குட்டிப் பெண்ணுக்குச் சொன்னார்: “நீ வகுப்பில் இரண்டாம் பிள்ளையாய் வந்ததாக எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது கப்பல் நின்றுவிட்டது. கெட்டிக்காரி மகளே.” அவ்வளவுதான். நான் எழுதிய காகிதத்தில் அந்த இடம் மட்டும் கோணலாக இருக்கும்.

இருபத்தேழாம் தேதி போத்தல் காலியாகும் நிலைக்கு வந்தது, பொட்டலங்களும் தீர்ந்துவிட்டன. அடியில் அரை டம்ளர் மட்டும் மிஞ்சியது. மேடை ஏறுமுன் அடைப்பை முழுவதும் இளக்கிவிட வேண்டும் என்று வேலை விட்டதும் நேரே அச்சுக்கூடத்துக்கு வந்து என்னை அழைத்துக்கொண்டு சீனர் கடைக்கு நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் பின்னால் ஓடினேன்.

சீனர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். உங்கள் வரிசையில் எல்லாருக்கும் குணமாகிவிட்டதா என்று மலாயில் விசாரித்தார்.

வரிசையில் யாரும் குடிக்கவில்லை, நான்தான் குடித்தேன் என்றார் அம்பிகைபாகர்.

சீனர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார். “செமுவா?” என்று கேட்டார். எல்லாமா?

எல்லாமும்தான் என்று நம்மவர் பெருமையோடு சொன்னார். எப்படிக் காய்ச்சினார் என்பதையும் விளக்கினார். ஆறு விரலைக் காட்டினார், எட்டு விரலைக் காட்டினார், கடைசியில் ஒரு விரலைக் காட்டினார். சக்கையை எறியாமல் சேர்த்துக்கொண்டதையும் விடவில்லை. கிழவர் எட்டி மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த உடனே விட்டார். ஒரு கணம் அவருடைய முகம் வெளுத்துப்போனது. பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அந்த அம்மாள் வந்து அம்பிகைபாகரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ஜப்பான்காரன் சீனரைத் தேடித் தேடிப் பிடித்த பினாங்கில் ஒரு சீனக் கடைக்குள்ளிருந்து அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். எனக்கு அதைக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதன் சாரம் இதுதான். அந்தக் குச்சிதான் மூக்கைத் திறக்கும். அளவு மிஞ்சினால் அதுதான் நெஞ்சை ஓட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், வாயை மூட விடாது. நீ குடித்ததை ஒரு குதிரைக்குக் கொடுத்திருந்தால் அது இந்நேரம் கடலைத் தாண்டி அலோர் ஸ்டார் ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கும். உன் இதயத்தில் சளியும் இல்லை, அடைப்பும் இல்லை. நிறுத்து. வெறும் தண்ணீர் குடி. இதற்குப் பிறகும் நீ நின்றுகொண்டிருக்கிறாய் என்றால் உன் இதயம் நல்ல இதயம்.

திரும்பி வரும்போது அம்பிகைபாகர் தெருவில் நின்று நின்று சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் கோபம் வந்தது. “குச்சியில அவ்வளவு கிடக்குது எண்டு முதலே சொல்லியிருக்கலாம்தானே?” சொன்னாரே அண்ணே, நாளுக்கு ஒன்று என்று சொன்னாரே என்றேன். “அது சீனரின்ர கணக்கு. நான் எங்கட கணக்கில அவிச்சனான்” என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பழைய முகம் திரும்பிவிட்டது. “அவர் சொல்லுறார்... ஆனால் மூண்டு விரலை வச்சுப் பாத்து வால்வுக்குள்ள என்ன கிடக்குது எண்டு எப்பிடிச் சொல்லுறது? திறந்து பாத்தவரே?”

அன்று மாலை அவர் குடிக்கவில்லை. மறுநாள் நூற்றியிரண்டு, மாலையில் தொண்ணூறு. எண்ணிக்கை இறங்க இறங்க அவரும் இறங்கினார். பேச்சு நின்றது. மண்வெட்டி மூலைக்குப் போயிற்று. பத்து நாள் விட்ட தூக்கமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடினார். ஐம்பத்தொரு வயது, முழங்கால் வலி, நீளக் கழுத்து. பழைய அம்பிகைபாகர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் மேடையில் ஏற வேண்டியவர் இவர் அல்லவே! அந்த ஜப்பானியர் தேர்ந்தெடுத்தது துள்ளிய ஆளை.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டுப் போய் எட்டிப் பார்த்தேன். அவர் வெள்ளைக் கால்சட்டையும் சட்டையும் போட்டு நின்றார். கையில் டம்ளர், அதில் போத்தலின் கடைசி அரை டம்ளர்.

“இதைக் குடிச்சால் அண்டைக்கு மாதிரிக் குதிப்பன். வேலை தப்பும்” என்றார். “குடிக்காமல் போனால் இந்தக் கால் எழும்பாது. அவனுக்கு முகம் கறுக்கும். உள்ளே உண்மையாவே வால்வு பழுதெண்டால் குடிச்சாலும் முடிஞ்சுது, குடியாட்டிலும் முடிஞ்சுது.”

தவமணி அக்கா டம்ளரை வாங்கினார். கொல்லைக்குப் போய் மரவள்ளிப் பாத்தியில் ஊற்றினார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, “இஞ்சேருங்கோ, நேரம் போகுது, நடவுங்கோ” என்றார். அந்த வாரம் அந்த மரவள்ளி மட்டும் அரையடி வளர்ந்தது என்று நான் பிற்பாடு சொல்வதுண்டு, அக்கா சிரிக்கமாட்டார்.

பாடாங்கில் கடல் ஓரமாகத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஊரையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்: பள்ளிக்கூடங்கள், இலாகாக்கள், கடைக்காரர்கள். வீட்டுக்கொருவர் கையில் காகிதக் கொடியோடு வர வேண்டும் என்று உத்தரவு. தவமணி அக்கா கொடியோடு எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்றார். மேடைகள் வரிசையாக இருந்தன, இலாகாவுக்கு ஒன்று. அம்பிகைபாகர் தமது மேடையில் ஏறி நின்றார்.

ஒலிபெருக்கியில் பியானோ தொடங்கியது. கையை வீசினார், சரி. இடுப்பை வளைத்தார், அதுவும் சரி. குரல் மட்டும் குறையவில்லை, “இச், நி, சான், ஷி” என்று எங்கள் வரை வந்தது. பிறகு குதிக்கும் கட்டம். முதல் குதியில் கால் ஒரு சாண்கூட எழும்பவில்லை. கண்ணாடிக்கார மேலதிகாரி தலையைத் திருப்பினார். இரண்டு, மூன்று, நாலு. நான் என் வாழ்க்கையில் எதையும் அப்படி எண்ணியதில்லை. எட்டாவது குதியில் அவருடைய வலது கை பாதியில் நின்று நெஞ்சுக்குப் போனது. அக்காவின் கொடி அசைவதை நிறுத்தியது.

கை நெஞ்சைத் தொட்டது. தொட்டு, எதையோ கேட்டதுபோல ஒரு கணம் நின்றது. அடுத்த கணம் மேலே போனது. ஒன்பது! பத்து! இந்தத் தடவை முழு ஒரு சாண் எழும்பினார். பதினொன்று! மூச்சிரைத்து, வேர்த்து, குரல் உடைந்து, பன்னிரண்டு! மருந்தில்லாமல், அவருடைய சொந்த முழங்காலில், சொந்த நெஞ்சில் குதித்து முடித்தார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. எல்லாரும் சக்கரவர்த்தி வாழ்க என்பதற்குப் பன்சாய் என்று கத்திய இடத்தில் நானும் என்னவோ கத்தினேன்; யாருக்காகக் கத்தினேன் என்று ஜப்பான்காரனுக்குத் தெரியாது. மேலதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த மேடையைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்பிகைபாகர் மேடைப் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். “தம்பி, நிக்கேல்லை! ஓடுது! கேட்டியளே, ஓ...” என்று என்னை நோக்கி வாயெடுத்தார்.

முடிக்க முடியவில்லை. தவமணி அக்கா வரிசையை விட்டு வெளியே வந்து, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்தார். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். தேடவில்லை, பழகிய கை மாதிரி நேராக நாடியின் மேலேயே வைத்தார்.

“கதையாதேங்கோ” என்றார். “எண்ணிக்கை குழம்பிப் போகும்.”

அக்காவின் உதடு அசையத் தொடங்கியது. குழாயடியில் நான் பார்த்த அதே அசைவு. அம்பிகைபாகர் என்னைப் பார்த்தார், மனைவியின் உச்சந்தலையைப் பார்த்தார். பிறகு, சுற்றிலும் ஜப்பான்காரர் நடமாடும் அந்தத் திடலில், மற்றக் கையால் சட்டைப்பையிலிருந்து பழைய நேரம் காட்டும் கடிகாரத்தை எடுத்து, மூடியைத் திறந்து, விநாடி முள் அக்காவுக்குத் தெரியும்படி தாழ்த்திப் பிடித்தார்.